மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நிற்கிறது: கவனக்குறைவா, மூளையின் கொள்ளளவே அவ்வளவுதானா?

வேளச்சேரி அம்மா:

வணக்கம். என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் பார்த்த படத்தை சீன் விடாமல் சொல்வான். தாத்தா கதை சொல்லும்போது ஒரு பெயர் மாறினாலும் பிடித்துவிடுவான். ஆனால் "மாடிக்குப் போய்த் துணியை எடு, வரும்போது லைட்டை அணை, அப்படியே தாத்தாவின் கண்ணாடியைக் கொண்டு வா" என்றால் துணி மட்டும்தான் வரும். சில நாள் துணியும் வராது, மாடியில் காக்கா பார்த்துக்கொண்டு நிற்பான்.

பள்ளியிலும் இதே கதை. "கணக்கு நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கிலிருந்து தொடங்கு" என்று மிஸ் சொன்னால், இவன் தேதியைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்க்கிறானாம். டைரியில் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் ஏரியாவில் ஒரு மெமரி கிளாஸ் நடக்கிறது. ஞாபகசக்தியை இரண்டு மடங்காக்கித் தருவோம் என்கிறார்கள். ஃபீஸைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இதில் உண்மை உண்டா? இவ்வளவு ஞாபகம் உள்ள பிள்ளைக்கு மூன்று வேலை ஏன் தங்க மாட்டேன் என்கிறது?

நரம்பியல் நாடோடி:

அக்கா, நீங்கள் சொல்வது இரண்டு வேறு வேறு நினைவுகள். படமும் தாத்தா கதையும் நீண்டகால நினைவில் இருக்கின்றன. மூன்று வேலையையும் பிடித்து வைத்துக்கொண்டே படியேறுவது செயல்நினைவின் பொறுப்பு. வொர்க்கிங் மெமரி என்பார்கள். முதலாவது நிரம்பி வழிந்ததாக யாரும் கண்டதில்லை. இரண்டாவது எல்லோருக்குமே சின்னதுதான். நாலு பர்னர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு நிறையப் பாத்திரம் இருந்தாலும் ஒரே நேரத்தில் நாலுதான் ஏற்ற முடியும்.

ஒன்பது வயதில் அந்த நாலுகூடக் கிடையாது. பதின்பருவத்தின் நடுப்பகுதி வரை அது மெல்ல மெல்லத்தான் கூடும். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசமும் உண்டு. இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல், ட்ரேசி அலோவே இருவரும் செயல்நினைவு குறைவாக உள்ள பிள்ளைகளைப் பள்ளிகளில் வைத்தே ஆராய்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்கள் "ஞாபகம் போதவில்லை" என்று சொல்வது அரிது. "கவனமில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றுதான் சொல்வார்கள். உங்கள் டைரியில் இருப்பதும் அதேதான். பையன் கேட்டிருப்பான். தேதி எழுதுகிற வேலையே இடத்தைப் பிடித்துக்கொண்டதும் பக்க எண் வெளியே விழுந்துவிட்டது.

எவ்வளவு சீக்கிரம் விழும் தெரியுமா? அமெரிக்காவில் பீட்டர்சன் தம்பதி 1959இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணைக் கொடுத்து அதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். மனதுக்குள் எழுத்துகளைத் திருப்பிச் சொல்ல விடாமல் தடுக்கத்தான் இந்தக் கழித்தல். 18 வினாடிக்குள் அந்த மூன்று எழுத்தும் பெரும்பாலும் காணாமல் போயின. கலந்துகொண்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நாலாம் வகுப்பு இல்லை.

லூப்பில் மாட்டியவன்:

//நாலு பர்னர் அடுப்பு//

நாலா? எங்கள் ஆபீஸ் டிசைன் டீம் ஏழு என்று சத்தியம் செய்வார்கள். மெனுவில் ஏழுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது என்று மாதம் ஒரு சண்டை நடக்கும். எது சரி?

நரம்பியல் நாடோடி:

ஏழு எங்கிருந்து வந்தது என்றால், ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரை. ஏழு, அதில் இரண்டு கூடலாம், குறையலாம். உளவியலிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. முழுக்கப் படித்தவர்கள்தான் குறைவு. அதில் இரண்டு தனித்தனி எல்லைகள் வருகின்றன. ஓர் ஒலியைக் கேட்டு அது எந்த அளவு என்று தப்பில்லாமல் எத்தனை வகை பிரிக்க முடியும் என்பது ஒன்று. கேட்ட எண் வரிசையை அப்படியே திருப்பிச் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஏழை ஒட்டி வந்தன. இது வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று கட்டுரையின் முடிவில் மில்லரே எழுதியிருக்கிறார்.

திருப்பிச் சொல்லும்போது ஏழு வருவதற்குக் காரணம், நாம் சும்மா இருப்பதில்லை. உள்ளுக்குள் முணுமுணுக்கிறோம், இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டுகிறோம். நெல்சன் கோவன் 2001இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, இந்த இரண்டையும் தடுத்துவிட்டு அளந்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்தார். மூன்றிலிருந்து ஐந்து, சுமாராக நாலு. கண்ணுக்கும் அப்படித்தான். திரையில் வண்ணக் கட்டங்களை நொடியில் காட்டி மறைத்து லக், வோகல் இருவரும் 1997இல் சோதித்தபோதும் நாலை ஒட்டியே வந்தது.

உங்கள் மெனு சண்டைக்கு: மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே ஏழும் பொருந்தாது, நாலும் பொருந்தாது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் வரிசையாக "எண் ஒன்றை அழுத்தவும், எண் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல் வருமே, அங்கே பொருந்தும். ஆறாவது வரும்போது இரண்டாவது எதற்கு என்று யாருக்குத் தெரியும்!

சேர்த்துக் கட்டுவதுதான் இதில் பெரிய விஷயம். 600028 என்பது ஆறு எண். சென்னைக்காரருக்கு அது "சென்னை 28", தீர்ந்தது. 98400 என்று தொடங்கும் பழைய மொபைல் நம்பர் உள்ளவர்கள் முதல் ஐந்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடைசி ஐந்துக்குத்தான் நிதானிப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த ஐந்து எண் ஓர் இடத்தைத்தான் பிடிக்கிறது.

லூப்பில் மாட்டியவன்:

இதோடு சேர்த்து ஒரு துணுக்கு. ஏடிஎம் பின் நாலு இலக்கமாக இருப்பதற்கும் ஒரு சமையலறைப் பேச்சுதான் காரணம். 1967இல் லண்டன் என்ஃபீல்டில் வந்த பார்க்ளேஸ் வங்கியின் பணம் தரும் இயந்திரத்துக்குக் காரணமானவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். சமையலறையில் உட்கார்ந்து மனைவியிடம் கேட்டபோது "எனக்கு நாலுதான் ஞாபகம் நிற்கும்" என்றாராம். ஷெப்பர்ட்-பாரனே பிபிசியில் சொன்னது. கோவனுக்கு 34 வருடம் முன்பே ஒரு வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது ஓடிபி ஆறு இலக்கம். மெசேஜைப் பார்த்து, ஆப் மாறி, டைப் செய்வதற்குள் பின்னாலிருந்து "எண்ணெய் ஒரு லிட்டரா ரெண்டு லிட்டரா?" என்று குரல் வரும். போச்சு.

ஓய்வு வாத்தியார்:

முப்பது வருடத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். ஆராய்ச்சி எல்லாம் சரி. எங்கள் காலத்தில் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொன்னார்கள். அதற்கு முன்பு திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி முழுக்க மனப்பாடம். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னக் கணக்கெல்லாம் நாக்கு நுனியில். இன்றைக்குக் கைபேசியைக் கொடுத்துவிட்டு ஞாபகம் இல்லை என்றால் எப்படி இருக்கும்? பயிற்சி இல்லாததுதான் குறை.

களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அடுத்த மரக்கால் நிரம்பும்வரை "லாபம், லாபம்" என்று ராகமாக இழுத்துக்கொண்டே இருப்பார் அளப்பவர். கொட்டியதும் "ரெண்டே, ரெண்டே". நடுவில் பண்ணையாரே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவருக்கு எந்த கிளாஸில் சொல்லிக்கொடுத்தார்கள்?

நரம்பியல் நாடோடி:

சார், நெல் அளக்கிற பாட்டை எங்கள் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் இருவரும் 1974இல் செயல்நினைவுக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் ஒரு பகுதி ஒலிச்சுற்று. கேட்ட சொற்களை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரோடு வைத்திருப்பது. சுமார் இரண்டு வினாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் அதில் சுழலும், அதற்கு மேல் போனால் வால் பிடிக்கும்போது தலை மறந்துவிடும். இன்னொரு பகுதி, பார்த்ததையும் இடத்தையும் வைத்திருப்பது. இரண்டையும் மேய்க்கிற மேற்பார்வை ஒன்று. அளப்பவர் அந்த ஒலிச்சுற்றை வாய்விட்டே ஓட்டுகிறார். கைக்கு மரக்கால், வாய்க்கு எண்ணிக்கை. இரண்டும் இடித்துக்கொள்ளவில்லை. பண்ணையாருக்குப் பதில் சொன்னால் அதே வாயில் இடிக்கும். அதனால்தான் அவர் திரும்புவதில்லை.

வாய்ப்பாட்டிலும் உங்கள் கட்சிதான், ஆனால் காரணம் வேறு. 47ஐ ஆறால் மனதில் பெருக்கச் சொல்லுங்கள். நாற்பதை ஆறால் பெருக்கினால் 240. அதைப் பிடித்துக்கொண்டே ஏழாறு 42, கூட்டினால் 282. ஏழாறு தெரிந்த பிள்ளைக்கு 42 சும்மா வந்து விழும். தெரியாத பிள்ளை ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று விரல் விட ஆரம்பித்ததுமே 240 கீழே விழுந்துவிடும். அப்புறம் "கணக்கே வரவில்லை" என்போம். வாய்ப்பாடு செயல்நினைவைப் பெரிதாக்குவதில்லை. அதற்குப் போக வேண்டிய வேலையைக் குறைக்கிறது. கைபேசியால் பிள்ளைகளின் கொள்ளளவே சுருங்கிவிட்டது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வு வாத்தியார்:

ஒத்துக்கொள்ளாவிட்டால் போகிறது தம்பி. வாய்ப்பாட்டை ஒத்துக்கொண்டீர்களே, அது போதும்.

மணிச்சட்டம்:

நான் அபாகஸ், அதாவது கம்பிகளில் மணி கோத்த சட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் முறை, அதற்குப் பயிற்சியாளர். இங்கே எல்லோரும் பயிற்சியே வீண் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். என்னிடம் வரும் ஏழு வயதுக் குழந்தை நாலு இலக்க எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறது. நேரில் வந்து பாருங்கள். நினைவாற்றல், கவனம், படிப்பு எல்லாமே முன்னேறுகிறது என்று பெற்றோரே சொல்கிறார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்து அவதானம் செய்து காட்டினாரே, அது பயிற்சி இல்லையா? உங்கள் நாலு எங்கே போயிற்று?

மட்டுறுத்துநர்:

வகுப்புகளின் பெயர், போன் நம்பர், "இன்பாக்ஸ் வாருங்கள்" எதுவும் வேண்டாம். இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். வாதம் தொடரட்டும்.

நரம்பியல் நாடோடி:

மணிச்சட்டம், நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அபாகஸை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். டேவிட் பார்னர், மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் குஜராத்தின் வடோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று வருடம் மன அபாகஸ் (சட்டத்தை மனதில் கற்பனை செய்து கணக்குப் போடுவது), மறுபாதிக்கு அதே நேரம் வழக்கமான கூடுதல் கணக்குப் பயிற்சி. முடிவு 2016இல் வெளியானது. அபாகஸ் குழந்தைகளின் கணக்கு முன்னேறியது, அதில் உங்கள் பேச்சு சரி. செயல்நினைவு போன்ற பொதுத் திறன்கள் கூடவில்லை. ஆரம்பத்திலேயே இடம்சார்ந்த செயல்நினைவு நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அபாகஸால் கூடுதல் பலன் கிடைத்தது. இதே ஆய்வாளர்கள் அதற்கு முன்பு தேர்ந்த அபாகஸ் குழந்தைகளைச் சோதித்தபோது, மனதில் பிடிக்க முடிந்த மணிக்கம்பிகள் மூன்று நாலோடு நின்றன. அதாவது அதே நாலு. கம்பி ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத்தைக் கட்டிவைக்கும் வித்தையைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது.

அவதானத்துக்கும் இதுதான். 1980இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு. சாதாரண மாணவர் ஒருவர், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியபோது ஏழுதான் வந்தது. 200 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 வரை போனார். எப்படி? அவர் ஓட்டப்பந்தயக்காரர். 3492 என்று கேட்டால் "3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைலுக்கு உலக சாதனையை ஒட்டிய நேரம்" என்று மாற்றிக்கொள்வார். எண்களை விட்டுவிட்டு எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு. எண்பது வரை போனவர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

பாவலர் அரங்கேறும் முன்பே யாப்பும் இலக்கியமும் அவருக்கு மூச்சு மாதிரி. வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தால் அது விழ வேண்டிய இடம் அவருக்குத் தயாராக இருக்கிறது. நமக்கு நாலடி வெண்பா என்பது பதினைந்து சீர், அவருக்கு ஒன்று. அவதானத்தின்போது முதுகில் எறியப்படும் கற்களை எண்ணிக்கொண்டே அதைச் செய்தாரே என்றால், அதற்காகத்தான் அவரைக் கொண்டாடுகிறோம். மறுநாள் பாவலரிடம் வெறும் வண்ணக் கட்டங்களைக் காட்டியிருந்தால் நம்மைப் போலத்தான் இருந்திருப்பார் என்பது என் கட்சி.

செயல்நினைவையே பெரிதாக்குகிறோம் என்று வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு 2008 வாக்கில் பெரிய வரவேற்பு இருந்தது. 2013இல் மெல்பி லெர்வாக், ஹியூம் இருவரும் அந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, பழகிய விளையாட்டில் மதிப்பெண் கூடுகிறதே தவிர வாசிப்புக்கோ கணக்குக்கோ அது ஒட்டவில்லை என்று தெரிந்தது. 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமோசிட்டி நிறுவனத்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று வழக்குத் தொடுக்க, நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அங்கேயே இப்படி. பக்கத்துத் தெரு இரட்டிப்பு வாக்குறுதியை எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

மணிச்சட்டம்:

கணக்கு முன்னேறியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு அது போதும். நான் விளம்பரத்தில் வேறு எதுவும் போடுவதில்லை.

பந்தி விசாரிப்பு:

மதுரையில் மெஸ் வைத்திருக்கிறேன். எங்கள் பழைய சர்வர் ஒருவர் எட்டுப் பேர் டேபிளுக்குப் பேப்பர் இல்லாமல் ஆர்டர் எடுப்பார். கவனித்துப் பார்த்தால் அவர் எட்டையும் சுமப்பதில்லை. சுவரோரம் இருப்பவரிடம்தான் எப்போதும் ஆரம்பிப்பார், வரிசை மாறவே மாறாது. கேட்கும்போதே "அப்ப மூணு ரவா, அதுல ஒண்ணு ஆனியன், ரெண்டு பொங்கல், மீதி மூணு செட்டு" என்று அவரே வகை பிரித்துத் திருப்பிச் சொல்லிவிடுவார். திரும்பின உடனே உள்ளே பார்த்துக் கத்திவிடுவார். அதோடு அவர் தலையிலிருந்து இறங்கி மாஸ்டர் தலைக்குப் போயிற்று. பில்லுக்கு டேபிளில் கிடக்கிற தட்டு, டபராவைப் பார்த்தாலே போதும்.

நடுவில் யாராவது "அண்ணே தண்ணி" என்றால்தான் பிரச்சினை. அந்த நேரத்தில் தண்ணி கேட்பவருக்குத் தண்ணி வராது. கோபிக்காதீர்கள்.

நரம்பியல் நாடோடி:

பந்தி அண்ணே, அச்சு அசலாக இதே ஆய்வு இருக்கிறது. 1988இல் எரிக்சனும் போல்சனும் ஓர் உணவக சர்வரை ஆராய்ந்தார்கள். இருபது பேர் ஆர்டர் வரை எழுதாமல் எடுப்பார். ஆள் ஆளாக வைத்துக்கொள்ளாமல் வகை வகையாக அடுக்குவார். இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதை ஏற்ற இறக்கமான கோடு போல, சாலட்டில் ஊற்றுவதை முதலெழுத்துகளைக் கோத்து. உங்கள் ஆள் மாஸ்டரிடம் இறக்கிவைப்பது அதைவிடக் கெட்டிக்காரத்தனம்.

நல்லூரான்:

யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறன்ரோ. எனக்கு ஒரு சந்தேகம். அம்மா ரெலிபோன் நம்பரைத் தமிழில்தான் சொல்லுவா. ஐந்தாவது ஆறாவது எண்ணோடு எனக்கு முன்னுக்கு வந்தது போய்விடும். மகள் இங்கிலிசில் சொன்னால் பத்தும் நிற்கும். தமிழிலேதான் படித்தவன் நான். இது வெறும் பழக்கமோ, வேறு ஏதும் இருக்கோ?

நரம்பியல் நாடோடி:

பழக்கமும் உண்டு அண்ணா, நீளமும் உண்டு. ஒலிச்சுற்று இரண்டு வினாடி என்றேனே, அதில் எத்தனை எண் ஏறும் என்பது எண்ணின் பெயர் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். வேல்ஸ் மொழியில் எண்ணைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த மொழியில் அவர்களுக்குக் குறைவான எண்களே நின்றன. ஆள் அதே ஆள்தான். சீன மொழி பேசுகிறவர்களுக்கு நேரெதிர், எண்ணெல்லாம் ஓரசை, அதனால் அதிகம் நிற்கும். ஆங்கிலத்தில் ஏழையும் பூஜ்யத்தையும் விட்டால் எல்லாம் ஓரசை. நம் ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாமே குறைந்தது ஈரசை, ஒம்பதுக்கு மூன்று.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. எண்ணைத் திருப்பிச் சொல்வது குழந்தைகளின் அறிவுத்திறன் சோதனைகளில் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் போட்ட அளவுகோலை வேறு மொழிப் பிள்ளைக்கு அப்படியே வைத்தால் பிள்ளைக்குக் குறைவு என்று காட்டும். குறை மொழியிலும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை.

நல்லூரான்:

நன்றி தம்பி. அம்மாவிடம் இரண்டிரண்டாகச் சொல்லச் சொல்லிப் பார்க்கிறன்.

மலைக்கோட்டை:

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பிரச்சினை குக்கர் விசில். துவரம்பருப்புக்கு நாலு விசில். இரண்டாவது வரும்போது போன் வரும். வைத்ததும் விசில் வரும், அது மூன்றாவதா நாலாவதா? வீட்டில் மூன்று பேர் இருந்தால் மூன்று பதில்.

அப்புறம் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பது. வயசாகிறதா என்று பயமாக இருக்கிறது. எனக்கு 38தான்.

நரம்பியல் நாடோடி:

38க்கும் ஃபிரிட்ஜுக்கும் சம்பந்தமில்லை. கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்பவர் வாசலைக் கடந்தால் மறதி கூடுகிறதா என்றே சோதித்து, கூடுகிறது என்றார். கல்லூரி மாணவர்களுக்கே கூடியது. பின்னர் 2021இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று திரும்பச் செய்தபோது, மனதில் ஏற்கெனவே சுமை அதிகம் இருந்தால்தான் அந்த விளைவு தெரிந்தது. வாசல் தனியாக எதையும் அழிப்பதில்லை. ஆபீஸ் மெயில், பருப்பு, பிள்ளையின் ரெக்கார்ட் நோட்டு எல்லாம் ஓடும்போது வாசலைத் தாண்டினால் கடைசியில் வந்தது விழுகிறது.

விசிலுக்கு, வாயில் எண்ணாதீர்கள். பேச்சும் எண்ணிக்கையும் ஒரே பாதை. ஒவ்வொரு விசிலுக்கும் மேடையில் ஒரு ஸ்பூனை நகர்த்தி வையுங்கள்.

நைட் டூட்டி:

ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எங்களுக்கு இது ஞாபகப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

டிரிப் சொட்டு எண்ணும்போது பார்த்திருப்பீர்கள். கையில் வாட்ச், கண் சேம்பரில். பன்னிரண்டு, பதிமூன்று... "சிஸ்டர், எங்க அப்பாவுக்கு டீ குடுக்கலாமா?" திரும்ப ஒன்றிலிருந்து. சொட்டு என்பதால் திரும்ப எண்ணிவிடலாம். மருந்து கலக்கும்போது இதே கேள்வி வந்தால்? சிட்னியில் ஜொஹானா வெஸ்ட்புரூக் குழு மருந்து கொடுக்கும் நர்ஸ்களைக் கூடவே நின்று கவனித்து 2010இல் எழுதியது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் செய்முறைத் தவறும் மருத்துவத் தவறும் சுமார் 12 சதவீதம் கூடின. அனுபவசாலி என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை.

அதனால்தான் எங்கள் தொழிலில் ஞாபகத்தை யாரும் நம்புவதில்லை. ராத்திரியில் டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதைப் பார்த்துத் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் "சரி" என்ற பிறகுதான் போனை வைப்போம். ஆபரேஷன் தியேட்டரில் மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி எல்லாம் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். எண்ணும்போது சர்ஜனே ஆனாலும் குறுக்கே பேசக் கூடாது. வாத்தியார் சார் சொன்ன பண்ணையார் மாதிரிதான்.

லூப்பில் மாட்டியவன்:

இப்படிப் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் செக்லிஸ்ட் விமானத்திலிருந்து வந்ததுதானே?

நைட் டூட்டி:

ஆமாம். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ஓஹையோவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் ஏறியதும் விழுந்தது. ஓட்டியவர் ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. வால்பகுதிச் சிறகுகளைக் காற்றில் ஆடாமல் பூட்டி வைக்கும் பூட்டை எடுக்காமலே கிளப்பியிருக்கிறார்கள். எடுக்கத் தெரியாதவர் இல்லை. புறப்படும்போது கவனிக்க வேண்டியது அத்தனை இருந்தது. அதன் பிறகுதான் விமானிகள் அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 வரிச் சரிபார்ப்பு அட்டை கொண்டுவந்தது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லா மருத்துவமனைக்கும் கட்டாயமாக்கியபோது குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை என்று 2014இல் ஆய்வு வந்தது. ஏன் என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். கேஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக டிக் போட்டால் அது அட்டையா, ஆட்டோகிராஃபா?

ஓய்வு வாத்தியார்:

வகுப்பிலும் இது நடக்கும் அம்மா. பாடக்குறிப்பேட்டை வருடக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கிளாஸில் சேர்க்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் என்ன செய்வது? மிஸ்ஸிடம் என்ன கேட்பது? அவர் நல்லவர்தான், 45 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்.

நரம்பியல் நாடோடி:

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள் அக்கா. ஒன்றே ஒன்று கேளுங்கள்: பக்க எண்ணையும் கணக்கு எண்ணையும் கரும்பலகை மூலையில் எழுதி, அன்றைய வேலை முடியும்வரை அழிக்காமல் விட முடியுமா? 45 பிள்ளைகளுக்கும் அது உதவும், அவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை மிச்சம். முடிந்தால் பலகைக்குப் பக்கத்தில் இடம். பலகையைப் பார்த்து எழுதும்போது இந்தப் பிள்ளைகள் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சொல்லைத்தான் சுமக்க முடியும். தலை நிமிரும்போது எந்த வரியில் விட்டோம் என்பதே தொலைந்துவிடும். தூரம் குறைந்தால் தொலைவதும் குறையும்.

வீட்டில், ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதிகம் போனால் இரண்டு. சொன்னதும் "என்ன செய்யப் போறே, சொல்லு" என்று அவன் வாயால் கேளுங்கள். மறந்துவிட்டால் திரும்பி வந்து கேட்பது தப்பில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும், இது முக்கியம். திட்டு வாங்கிய பிள்ளை கேட்க வராது, காக்கா பார்த்துக்கொண்டு நிற்கும். வாய்ப்பாட்டை மட்டும் விடாதீர்கள், வாத்தியார் சார் சந்தோஷப்படுவார். எழுதும்போது, படிக்கும்போது எல்லாம் மிகவும் பின்தங்கினால் ஒரு குழந்தை உளவியலாளரிடம் காட்டுங்கள். செயல்நினைவை அளக்க முறையான சோதனை இருக்கிறது. காது, கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வேளச்சேரி அம்மா:

சரி தம்பி. இன்னொன்று. பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வேன் என்கிறான். விடலாமா?

நரம்பியல் நாடோடி:

சொற்கள் உள்ள பாட்டு என்றால் வேண்டாம். பக்கத்தில் கேட்கும் பேச்சு, நாம் கவனிக்காவிட்டாலும், நமக்குப் புரியாத மொழியாக இருந்தாலும்கூட ஒலிச்சுற்றில் புகுந்துவிடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வரிசையாக எதையாவது மனதில் வைக்கும் வேலை, உதாரணமாக மனக்கணக்கு, வாய்ப்பாடு, ஸ்பெல்லிங், இவற்றில்தான் அடி அதிகம். வெறும் வாத்திய இசை அவ்வளவு கெடுக்காது. படம் வரைகிறான், வண்ணம் தீட்டுகிறான் என்றால் எந்தப் பாட்டையும் போடட்டும்.

நைட் டூட்டி:

எங்கள் வார்டில் சீரியல் ஓடும்போது இன்ஃப்யூஷன் ரேட் (டிரிப் ஏறும் வேகம்) கணக்குப் போட்டுப் பாருங்கள். டூட்டி மாறும்போது நாங்கள் முதலில் கேட்பதே ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பதுதான்.